மூன்று தவணையில் ஒரு வீடு

கல்லும் மண்ணும் வைத்து ஒரு சிறு வீடு எழுப்ப இரண்டு கொத்தனார்களுக்கு மூன்று மாதம் போதும். 2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலம் நடுங்கியது. ஜூன் மாதமே காத்மாண்டுவில் கூடிய நாடுகளும் வங்கிகளும் 440 கோடி டாலர் தருவதாக வாக்களித்துவிட்டன. பணம் வருகிறது, இடிந்த வீட்டின் கல் அங்கேயே கிடக்கிறது, மனை சொந்த மனை. ஆனாலும் அந்த ஆண்டின் பனியும் அடுத்த ஆண்டின் மழையும் தகரக் கொட்டகைகளின் மீதே இறங்கின. மறுகட்டமைப்புக்கென்று அமைத்த ஆணையம் தன் கதவைச் சாத்தியது 2021 டிசம்பரில். ஒரு நிமிடத்துக்குள் விழுந்ததை நிறுத்தி வைக்க ஏன் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது?

செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் எழும் கேள்வி இது. ஊழல், சோம்பல், அரசியல் என்று மூன்று சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும். மீதி உண்மை சுவருக்குள்ளும் கூட்டல் கணக்குக்குள்ளும் இருக்கிறது.

எங்கே உடைந்தது

இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு வடக்கே நகர்ந்து இமயமலைக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. நேபாளத்தின் குறுக்கே இந்த நெருக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். நுழைவது வழுக்கிக்கொண்டு போனால் தொல்லை இல்லை. இரு பாறைப் பரப்புகளும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்வதுதான் சிக்கல். பிடி நீடிக்கும்வரை பாறை வளைந்து இறுக்கத்தைச் சேர்த்து வைக்கிறது; பிடி விட்டால் நூறாண்டு, இருநூறாண்டு நகர்வும் ஒரே மூச்சில் நடந்துவிடுகிறது.

2015 ஏப்ரல் 25 அன்று உள்ளூர் நேரம் முற்பகல் 11:56-க்குப் பிடி விட்டது கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் கிராமத்துக்கு அருகே. காத்மாண்டுவுக்கு வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர். அளவு 7.8. விரிசல் ஒரு புள்ளியில் நிற்காமல் துணி கிழிவதுபோல் கிழக்கு நோக்கி நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. காத்மாண்டு நகரமே தெற்கே நகர்ந்து, ஏறக்குறைய 1 மீட்டர் மேலெழுந்து நின்றது. பதினேழு நாள் கழித்து, மே 12 அன்று, விரிசலின் கிழக்கு முனையில் 7.3 அளவில் இன்னொரு பெரும் அதிர்வு. முதல் அடியில் விரிசல் விட்டு நின்றிருந்த வீடுகள் பல அன்று விழுந்தன.

ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள், 22,000 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அரசின் மதிப்பீட்டில் முற்றாக அழிந்த வீடுகள் 4,98,852. பகுதி சேதமானவை 2,56,697. ஏப்ரல் 25 சனிக்கிழமை; நேபாளத்தில் அது வார விடுமுறை என்பதால் பள்ளிகள் பூட்டியிருந்தன. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் காலியாக இடிந்தன. நண்பகல் நேரம் என்பதால் மலைக் கிராமத்து ஆட்கள் பலர் வயலில் இருந்தார்கள். இதே அதிர்வு ஒரு செவ்வாய்க்கிழமையோ, நள்ளிரவிலோ வந்திருந்தால் எண்ணிக்கை வேறாகியிருக்கும்.

தூளி ஆட்டும் தாளம்

காத்மாண்டு தரைமட்டமாகும் என்று வல்லுநர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்துவந்தார்கள். ஆகவில்லை. நகரின் பெரும்பாலான மூன்று, நான்கு மாடி வீடுகள் நின்றன. அறுபது மீட்டர் உயரச் செங்கல் கோபுரமான தரஹரா விழுந்தது. 1934 நிலநடுக்கத்திலும் விழுந்து, பிறகு கட்டப்பட்ட கோபுரம் அது.

குழந்தையைத் தூளியில் ஆட்டுபவருக்கு இதன் காரணம் கைப்பழக்கத்தில் தெரியும். தூளி தானாகப் போய்வரும் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால் சிறு விசையிலேயே வீச்சு கூடும். தாளம் தப்பித் தள்ளினால் ஆட்டம் அடங்கும். கட்டடத்துக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. அதை இயல்பு அசைவு எனலாம். தாழ்ந்த வீடு அரை நொடிக்குள் ஒரு முறை ஆடித் திரும்பும். உயரமான கட்டடத்துக்கு அதைவிட நேரம் பிடிக்கும்.

காத்மாண்டு பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரி. அதன் களிமண்ணும் வண்டலும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் படிந்திருக்கின்றன. ஏப்ரல் 25 அன்று இந்தப் படுகை ஒரு தொட்டித் தண்ணீர்போல நான்கைந்து நொடிக்கு ஒரு வீச்சாக மெதுவாக அலைந்தது. குறுந்தாளக்கார வீடுகளுக்கு அது பொருந்தாத தாளம்; அதனால் பிழைத்தன. நெட்டைக் கட்டடங்கள்தான் மாட்டிக்கொண்டன. நகரத்துக் கட்டுமானம் உறுதி என்பதற்கு இது சான்று ஆகாது. விரிசலின் தெற்கு ஓரம் இன்னும் கவ்விய நிலையிலேயே இருக்கிறது; அடுத்த முறை தாளம் மாறலாம்.

படுகைக்கு வெளியே, பாறை மேட்டில் இருந்த மலைக் கிராமங்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. அங்கே அசைவும் குறுந்தாளம், வீடும் குறுந்தாளம்.

தொண்ணூறு டன் சுவர்

நடுமலைப் பகுதியின் வழக்கமான வீடு இப்படி இருக்கும்: உடைத்த கல், சாந்துக்குப் பதில் குழைத்த மண், இரண்டு தளம், மேலே பரண். ஒன்றை அளந்து பார்க்கலாம். நீளம் 8 மீட்டர், அகலம் 5 மீட்டர், எனவே சுற்றளவு 26 மீட்டர். சுவரின் உயரம் நாலரை மீட்டர், கனம் 45 சென்டிமீட்டர். கதவு, சன்னல் கழித்தால் சுமார் 45 கன மீட்டர் சுவர். கன மீட்டருக்கு இரண்டு டன் என்றாலும் மொத்தம் 90 டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் ஒன்பது லாரி. இத்தனையும் ஐந்தாறு பேர் தூங்கும் ஒரு வீட்டைச் சுற்றி நிற்கிறது.

கீழ்நோக்கி அழுத்தும் எடையைக் கல்சுவர் தலைமுறை தலைமுறையாகத் தாங்கும். நிலநடுக்கம் பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளும் முடுக்கம் ஈர்ப்பின் கால் பங்கு என்று வைத்துக்கொண்டால், 90 டன் சுவரை 22 டன்னுக்கு மேற்பட்ட விசை முன்னும் பின்னும் மாறி மாறி இழுக்கிறது. வீடு எவ்வளவு கனமோ அவ்வளவு இழுப்பு. கனமான வீடு பலமான வீடு என்ற நம்பிக்கை இந்த இடத்தில் தலைகீழாகிறது.

இழுக்கும்போது முதலில் பிளப்பது சுவரின் வயிறு. பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் கல்சுவர் உண்மையில் இரண்டு சுவர்: வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று, நடுவே சில்லும் மண்ணும். இரண்டையும் கோக்கும் நீளக்கல் இல்லாவிட்டால் அவை ஆளுக்கொரு பக்கம் உப்பிப் பிரிகின்றன. அடுத்து மூலைகள் வாய் திறக்கின்றன. நான்கு சுவரும் நான்கு தனிப்பலகையாகி, ஒவ்வொன்றும் தன் எடையிலேயே சாய்கிறது. உத்திரத்தைச் சுவரோடு பிணைக்காமல் மேலே தூக்கி வைத்திருந்தால் தளமும் கூடவே வருகிறது.

இதற்கான மருந்து விலையுயர்ந்தது இல்லை. சுவரின் இருமுகத்தையும் ஊடுருவிப் பிடிக்கும் நீளக்கல்லை இடைவெளி விட்டு வைக்க வேண்டும். ஊடுகல் என்று இதற்குப் பெயர் வைக்கலாம். அடுத்தது, வீட்டைச் சுற்றி ஓடும் பட்டை. பீப்பாய்க்கு இரும்பு வளையம் செய்யும் வேலையை இது வீட்டுக்குச் செய்கிறது. தமிழ்நாட்டுக் கொத்தனார் பெல்ட் என்று சொல்வதும் இதைத்தான்: பேஸ்மென்ட் மட்டத்தில் ஒன்று, சன்னலின் அடியில் ஒன்று, லிண்டல் மட்டத்தில் ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று. கான்கிரீட்டாகவும் இருக்கலாம், மரமாகவும் இருக்கலாம். நான்கு மூலையிலும் அறுபடாமல் திரும்ப வேண்டும் என்பதே நிபந்தனை. மேல்தளத்தைக் குறைத்து, முக்கோணக் கல்முகட்டை எடுத்துவிட்டு, தகரமோ பலகையோ வைத்தால் எடையும் இறங்கிவிடும்.

இந்த அறிவு 2015-க்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது இல்லை. 1988-இல் கிழக்கு நேபாளத்தில் உதயபூரை மையமாகக் கொண்டு வந்த நிலநடுக்கத்துக்குப் பின், 1994-இல் நேபாளத்துக்கென்று கட்டட விதித்தொகுப்பு எழுதப்பட்டது. மண்சாந்துக் கல்வீட்டுக்கான எளிய வழிகாட்டியும் அதில் உண்டு. காத்மாண்டு பள்ளத்தாக்கில் முன்கூட்டியே வலுவூட்டிய பள்ளிக் கட்டடங்கள் 2015-இல் குலையாமல் நின்றன. ஆனால் மலைக் கிராமத்தில் வீடு கட்டுபவர் அனுமதி கேட்டு எந்த அலுவலகத்துக்கும் போவதில்லை. விதி தாளில் இருந்தது, வீடு மலையில் இருந்தது.

முதல் நாட்கள்

இடிபாட்டில் சிக்கியவரைப் பெரும்பாலும் மீட்பவர் யார் என்ற கேள்விக்கு எல்லா நிலநடுக்கமும் ஒரே பதிலைத் தருகின்றன: பக்கத்து வீட்டார். மோப்ப நாயும் ஒலியுணர் கருவியும் கொண்ட வெளிநாட்டுக் குழுக்கள் பெயர்பெற்றவைதான். அவை வந்து இறங்கும்போது முதல் நாள் முடிந்திருக்கும். நேபாளத்தில் ஒரு கூடுதல் முடிச்சு இருந்தது. அப்போது நாட்டின் ஒரே சர்வதேச விமான நிலையமாக இருந்த திரிபுவனுக்கு ஓடுபாதையும் ஒன்றே. நிவாரண விமானங்கள் வானில் வட்டமிட்டுக் காத்திருந்தன. சில திரும்பிப் போயின. ஓடுபாதையில் சேதம் தெரிந்ததும், மே தொடக்கத்தில் மிகக் கனமான விமானங்கள் தடுக்கப்பட்டன. ஒரு நல்லூழ்: நிவாரணப் பொருளைப் பிரித்து அனுப்பும் கிடங்குத் திடல் ஒன்று அதே விமான நிலையத்தில் 2015 மார்ச்சில்தான் திறக்கப்பட்டிருந்தது. ஒரு மாதம் தாமதமாகியிருந்தால் பொருள் தார்ச்சாலையில் குவிந்திருக்கும்.

விமான நிலையத்தைத் தாண்டினால் சாலை இல்லை. நிலச்சரிவு வழிகளை மூடியிருந்தது. லாங்டாங் கிராமத்தைப் பனியும் பாறையும் சேர்ந்து புதைத்துவிட்டன. ஹெலிகாப்டர் போகும் இடத்துக்கு ஹெலிகாப்டர், மற்ற இடத்துக்குக் கோவேறு கழுதையும் சுமைகூலியும் என்றே நிவாரணம் ஏறியது. காத்மாண்டுவில் வீடு நின்றவர்களும் உள்ளே போகப் பயந்து துண்டிகேல் மைதானத்தில் தார்ப்பாயின் கீழ் படுத்தார்கள். பின்னதிர்வு ஓயாத நாட்களில் அது பயம் இல்லை, விவேகம். மே 12 அதை உறுதி செய்தது.

ஜூனில் பருவமழை தொடங்கும் என்பதால் கெடு குறுகியது. தற்காலிகக் கூரைக்காக அரசு குடும்பத்துக்கு 15,000 நேபாள ரூபாய் கொடுத்தது. இரண்டு கட்டுத் தகரத்துக்கு அது காணும். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று. குளிர்காலம் வந்ததும் கம்பளித் துணிக்கு இன்னொரு 10,000. இந்தத் தகரக் கட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது. கொட்டகைக்கு வேய்ந்த அதே தகரம் பிற்பாடு புது வீட்டின் கூரையாக ஏறியது. கூடாரத்துணியாகக் கொடுத்திருந்தால் இரண்டு மழையில் கிழிந்திருக்கும்.

யார் கட்டுவது?

இங்கே ஒரு நாட்டுக்கு இரண்டு வழி உண்டு. அரசோ தொண்டு நிறுவனமோ வீட்டைக் கட்டிச் சாவியைக் கொடுக்கலாம். அல்லது பணத்தையும் விதியையும் கொடுத்து, வீட்டுக்காரரையே கட்டச் சொல்லலாம்.

முதல் வழியின் குணத்தை மகாராஷ்டிரம் காட்டியது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களைக் குலைத்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, மோசமாக அழிந்த ஊர்கள் புதிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. கான்கிரீட் வீடுகள் நேர்த்தெருவில் வரிசை பிடித்து நின்றன. பாதுகாப்புதான்; ஆனால் உறவுத்தெரு கலைந்தது, முற்றமும் மாட்டுத் தொழுவமும் போயின. 2001-இல் குஜராத்தின் கச்சு நடுங்கியபோது அந்தப் பாடம் நினைவில் இருந்தது. பெரும்பாலான ஊர்கள் இருந்த இடத்திலேயே, தவணைப் பணத்தில், உரிமையாளர் கையால் எழுந்தன.

பாகிஸ்தான் 2005 அக்டோபர் நிலநடுக்கத்துக்குப் பிறகு அதையே லட்சக்கணக்கில் செய்தது. முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,75,000 பாகிஸ்தான் ரூபாய், தவணையாக. அங்கே நடந்த ஒரு பிழை எல்லாப் பொறியாளர்களும் மனப்பாடம் செய்ய வேண்டியது. முதலில் ஒப்புதல் பெற்ற வடிவங்கள் சிமென்டும் கம்பியும் சார்ந்தவை. மலைவாசிகளோ தங்கள் பழைய முறையான தஜ்ஜி வீடு நிலநடுக்கத்தில் தாங்கியதைக் கண்ணால் கண்டவர்கள்: குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம், இடையே சிறு கல்லும் மண்ணும். அவர்கள் அதையே கட்டத் தொடங்கினார்கள். விதியில் இல்லாததால் பணம் கிடைக்காத நிலை. ஓராண்டுக்குப் பின் அரசு தன் விதியைத் திருத்தி தஜ்ஜியை ஏற்றது. மக்கள் கையில் இருக்கும் பொருளை விதி மதிக்காவிட்டால், மக்கள் விதியை மதிக்க மாட்டார்கள்.

நேபாளம் இதைப் படித்திருந்தது. 2015 அக்டோபரில் வெளியான வீட்டு வடிவத் தொகுப்பின் 17 மாதிரிகளில் மண்சாந்துக் கல்வீடும் இடம்பெற்றது. பட்டையும் ஊடுகல்லும் வைத்து, ஒரு தளமும் பரணுமாக நிறுத்தினால் அரசுப் பணம் உண்டு. பின்னர் வந்த தொகுப்பில் மூங்கில், அழுத்திய மண்கட்டி போன்றவையும் சேர்ந்தன.

ஒரு வீடு எழும் விதம்

கோர்க்காச் சரிவில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம், ஐந்து லட்சம் குடும்பங்களுக்கும் ஏறக்குறைய இதே வழிதான்.

முதலில் பட்டியல். 2016-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொறியாளர்கள் கையடக்கக் கணினியோடு வீடு வீடாக ஏறிச் சேதத்தை 1 முதல் 5 வரை தரம் பிரித்தார்கள். 5 என்றால் தரைமட்டம். பட்டியலில் பெயர் வந்த குடும்பம் அரசோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதற்குக் குடியுரிமைச் சான்றும் நிலப்பத்திரமும் வேண்டும். பத்திரம் மாமனார் பெயரில் இருக்கும், அவர் இறந்திருப்பார். அல்லது பத்திரமே இடிபாட்டில் இருக்கும். அடுத்தது வங்கிக் கணக்கு. பல கிராமத்தாருக்கு வங்கிக்குப் போய்வருவது ஒரு நாள் நடை.

கணக்கில் 50,000 ரூபாய் விழுகிறது. இது முதல் தவணை. கடைக்கால் தோண்டவும் பேஸ்மென்ட் எழுப்பவும். அதற்கு முன் இடிபாட்டைப் பிரிக்க வேண்டும்: தலைக்கல் ஒரு குவியல், சில்லு ஒரு குவியல், உளுக்காத உத்திரம் தனியே. இரண்டு வாரமாவது ஆகும், கூலி கிடையாது. பேஸ்மென்ட் பெல்ட் முடிந்ததும் பொறியாளர் வந்து அளக்கிறார். சரியென்று எழுதினால் 1,50,000. சுவர் கூரை மட்டத்தைத் தொட்டதும் மறுபடி பார்வை. ஊடுகல் இருக்கிறதா, மூலையில் பட்டை அறாமல் திரும்புகிறதா. சரியென்றால் கடைசி 1,00,000. மொத்தம் 3 லட்சம். தொடக்கத்தில் 2 லட்சம் என்று இருந்ததை 2016-இல்தான் உயர்த்தினார்கள்.

இந்த ஏற்பாட்டின் கூர்மை கவனிக்கத்தக்கது. சுவர் பூசியபிறகு ஊடுகல் இருக்கிறதா என்று எவராலும் பார்க்க முடியாது. பார்க்க முடிகிற தருணத்தில் பணத்தை நிறுத்தி வைப்பதுதான் தவணையின் முழுச் சூத்திரம். இருபது ஆண்டு செல்லாத விதித்தொகுப்பை மலைமேல் ஏற்றியது சட்டமன்றம் இல்லை, இந்த இரண்டாம் தவணை.

ஆனால் 3 லட்சத்தில் வீடு முடிவதில்லை. சிமென்ட் மூட்டை ஒவ்வொரு வளைவிலும் விலை கூடியே மேலே ஏறுகிறது. மிச்சத்துக்குக் குடும்பம் வட்டிக்கு வாங்கும், அல்லது கத்தாரிலோ மலேசியாவிலோ இருக்கும் மகனுக்குப் போன் செய்யும்.

அறுபதாயிரம் கொத்தனார்கள்

இப்போது தொடக்கக் கேள்விக்குக் கைக்கணக்கு போடலாம். ஒரு வீட்டுக்கு இரண்டு கொத்தனார், மூன்று மாதம்: அதாவது ஆறு கொத்தனார்-மாதம். ஐந்து லட்சம் வீட்டுக்கு 30 லட்சம் கொத்தனார்-மாதம். பயிற்சி பெற்ற 60,000 கொத்தனார்கள் கிடைத்தால் 50 மாதம். ஒரு நாள்கூடச் சும்மா இருக்காமல், மழையும் பண்டிகையும் பாராமல் உழைத்தாலே நான்கு ஆண்டுக்கு மேல்! மலையில் அப்படி உழைக்க முடியாது. ஆஷாட மாதத்தில் நாற்று நட வேண்டும், மழை செப்டம்பர்வரை விடாது, பிறகு தசைன், திகார் பண்டிகைகள். சுவருக்கு ஏற்ற மாதம் ஆண்டில் ஏழோ எட்டோதான்.

கொத்தனார்களும் கிடைக்கவில்லை. ஊரின் இளைஞர்களில் பெரும்பகுதி வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். துபாயில் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தவரின் வீடு சிந்துபால்சோக் மாவட்டத்தில் தரையில் கிடந்தது. இருந்தவர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். பெண்களும் கரண்டி பிடிக்கப் பழகினார்கள்.

பொறியாளர் கணக்கும் இதே மாதிரிதான். வீடு முடிந்தபின் பார்ப்பதையும் சேர்த்து வீட்டுக்கு மூன்று பார்வை என்றால் 15 லட்சம் பார்வை. 2,000 பொறியாளர் இருந்தால் ஆளுக்கு 750. நாளுக்கு மூன்று வீடு என்றால் 250 வேலைநாள், கேட்க எளிது. ஆனால் வீடுகள் வரிசையில் எழுவதில்லை. ஒரு மேட்டில் ஒருவர் பேஸ்மென்ட் முடிப்பார், எதிர்மேட்டில் இன்னொருவர் கூரை முடிப்பார், இடையே ஆறு. அதிலும் ஊதியமும் வசதியும் போதாமல் பொறியாளர்கள் பலர் வேலையை விட்டுப் போனார்கள். காத்திருந்து சலித்த குடும்பங்கள் பார்வைக்கு முன்பே சுவரை எழுப்பிவிட்டன. விதிப்படி பார்த்தால் தவணை இல்லை, மனிதத்தன்மையோடு பார்த்தால் இடிக்கச் சொல்லவும் முடியாது. இத்தகைய வீடுகளில் எந்தக் குறையை எப்படித் திருத்தினால் பணம் விடலாம் என்று 2017-இல் தனிக் கையேடே போட வேண்டியதாயிற்று.

நான்கைந்து ஆண்டைக் கணக்கு நியாயப்படுத்துகிறது. முதல் ஆண்டை நியாயப்படுத்த முடியாது. மறுகட்டமைப்பு ஆணையத்துக்கான அவசரச் சட்டம் 2015 ஜூனில் வந்தது. கெடுவுக்குள் நாடாளுமன்றம் அதை ஏற்காததால் ஆகஸ்டில் காலாவதியானது. கட்சிகள் செப்டம்பரில் புதிய அரசமைப்பை நிறைவேற்றின. அதையொட்டித் தெற்கு எல்லை மூடிக்கொண்டது. 2016 பிப்ரவரிவரை எரிபொருளும் சிமென்டும் முடங்கின. ஆணையத்துக்குத் தலைவர் அமர்ந்தது 2015 டிசம்பரில், நிலநடுக்கத்துக்கு எட்டு மாதம் கழித்து. அதற்குப் பிறகும் ஆட்சி மாறும்போது தலைவரும் மாறினார். இந்த இழப்புக்கு நிலவியல் பொறுப்பில்லை.

ஒற்றை அறை வீடுகள்

தவணைமுறைக்குப் பார்வை கூர்மை, அகலம் குறைவு. அது அளந்தது பட்டையை; வாழ்க்கையை அளக்கவில்லை. கெடு நெருங்கியதும், கையில் காசில்லாத குடும்பங்கள் தவணையைத் தவறவிடாமல் இருக்க ஒற்றை அறை வீடு கட்டின. பெல்ட் சரி, ஊடுகல் சரி, பணமும் வந்தது. ஆனால் சோளம் உலர்த்தப் பரண் போதாது, அடுப்புக்கு இடமில்லை, ஆட்டைக் கட்டத் தொழுவமில்லை. விளைவாக, விரிசல் விட்ட பழைய வீட்டிலேயே சமைத்து, தகரக் கொட்டகையில் தானியம் வைத்து, புது வீட்டைப் பூட்டியே வைத்திருந்தவர்களும் உண்டு. பாதுகாப்பான வீடு கட்டப்பட்டது. பாதுகாப்பில்லாத வீட்டில் தூக்கம் தொடர்ந்தது.

பகுதி சேதமான வீடுகளின் நிலை இதைவிட வருத்தமானது. பழைய வீட்டையே வலுவூட்டினால் 1 லட்சம் கிடைக்கும். செலவிலும் வேகத்திலும் அதுவே சிறந்த வழி. ஆனால் அதற்கு மிகச் சிலரே வந்தார்கள். புது வீட்டுக்கு 3 லட்சம், பழுதுக்கு 1 லட்சம் என்றால் எவரும் பழுதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். நிற்கும் வீட்டைத் தள்ளிவிட்டுப் புதிது கட்டுவதற்கே அந்த வேறுபாடு தூண்டியது. திட்டத்தின் பெரிய தவறு இதுவே எனலாம்.

நிலமற்றவர்கள் கடைசியாகவே கண்ணில் பட்டார்கள். பத்திரம் இல்லாதவருக்கு ஒப்பந்தம் இல்லை. பின்னர்தான் மனை வாங்க 2 லட்சம் தரும் ஏற்பாடு வந்தது. தனித்து வாழும் முதியோர் கல் சுமக்க முடியாமல் வரிசையின் கடைசியில் நின்றார்கள். காத்மாண்டு பள்ளத்தாக்கில் நேவார் இனத்தாரின் பழைய ஊர்களில் ஒரே செங்குத்து வீட்டை அண்ணன் தம்பி தளம் பிரித்துக்கொண்டு வாழ்வார்கள். யார் பெயரில் ஒப்பந்தம், யார் மனையில் கடைக்கால் என்ற வழக்கு முடியாமல் சங்கு, புங்கமதி போன்ற ஊர்கள் மலைக் கிராமங்களுக்கும் பின்தங்கின.

இத்தனைக்கும் பிறகு, அழிந்த மாவட்டங்களின் பெரும்பாலான வீடுகள் இன்று பட்டை போட்ட வீடுகள். உலகில் உரிமையாளர் கையால் நடந்த மிகப்பெரிய மறுகட்டமைப்புகளுள் ஒன்று இது.

மேற்கே

பட்டை போட்டது 2015-இல் இடிந்த இடங்களில். இடியாத இடங்களுக்குத் தவணையும் இல்லை, பொறியாளரும் இல்லை. நாட்டின் மேற்கு மலைகளில் கல்லும் மண்ணும் முன்போலவே அடுக்கப்பட்டன.

2023 நவம்பர் 3, இரவு 11:47. மேற்கே ஜாஜர்கோட் மாவட்டம். நேபாளத்தின் கண்காணிப்பு மையம் 6.4 என்றும் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 5.7 என்றும் அளந்த, கோர்க்காவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய அதிர்வு. ஊர் முழுவதும் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் ஊடுகல்லும் பட்டையும் இல்லாத மண்சாந்துக் கல்சுவரின் கீழ். அந்தச் சுவரை எப்படிக் கட்ட வேண்டும் என்ற வழிகாட்டி எழுதப்பட்டு அப்போது 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.